இடுகாட்டின் ஓரத்துக் கருஞ்சதுரங்கள்

சர்ச்சில் என்றதும் சுருட்டும் கையுமாக நின்ற பிரிட்டிஷ் பிரதமரை நினைத்துவிட வேண்டாம். கனடாவின் வடபால், ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள சர்ச்சில் எனும் சிற்றூர், அவருடைய முன்னோர் ஒருவரின் பெயர் தாங்கி நிற்பது. 1685-இல் ஹட்சன்பே கும்பினிக்குத் தலைவராக அமர்ந்த ஜான் சர்ச்சில் அவர். அந்தக் கனவான் அங்கே காலடி வைத்ததே இல்லை. பெயர் மட்டும் கப்பலேறிக் குடிபுகுந்தது! 1717-இல் அங்குக் கும்பினியின் பண்டகசாலை எழ வழி செய்தவள், தனடெல்தூர் என்னும் தெனெ இனத்துப் பெண். அடிமைப்பட்டு, தப்பி வந்து, கிரீ மக்களுக்கும் தன் மக்களுக்கும் இருந்த பகையைத் தீர்த்துவைத்தவள். ஊருக்கு அவள் பெயரைச் சூட்ட யாருக்கும் தோன்றவில்லை.

பெயரிலேயே இந்த நீதி என்றால், ஊரின் புறஞ்சேரியில்?

அரசினர் அச்சிட்ட பழைய நில அளவைப் படங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. மேடு பள்ளம் பழுப்புக் கோட்டில், நீர்நிலை நீலத்தில், 1929-இல் சர்ச்சிலை எட்டிய இருப்புப்பாதை கறுப்பில், கட்டடம் சிறு கருஞ்சதுரமாக, இடுகாட்டுக்குக்கூடத் தனிக்குறி. ஆனால் அந்தச் சதுரத்துக்குள் இருப்பவர் யார், அவரை அங்கே கொண்டுவந்தவர் யார் என்று காட்ட ஒரு குறியும் அளவையாளரிடம் இல்லை. அதை நாம்தான் வரலாற்றிலே தேட வேண்டியிருக்கிறது.

1956. டக் ஏரிப் பக்கம் காரிபு மான் வேட்டையால் வாழ்ந்துவந்த சயிசி தெனெ மக்கள், ஏறத்தாழ 250 பேர், விமானமேற்றிக் கொண்டுவரப்பட்டு சர்ச்சிலில் இறக்கப்பட்டனர். குற்றம் என்ன? மான் அருகி வருகிறது, இவர்கள் வேட்டையே காரணம் என்று அதிகாரிகள் நம்பினர். நம்பினர், அவ்வளவுதான்! அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்பது பின்னர் தெரிந்தது. சாமியாடி சொன்னால் மூடநம்பிக்கை; அதையே கோட்டணிந்தவர் கோப்பில் எழுதினால் அரசாங்கக் கொள்கையாம்!

அவர்களுக்குக் கிடைத்த இடம் '10-ஆம் முகாம்'; இடுகாட்டை ஒட்டியது. குளிர் தாங்காத மெலிந்த குடிசைகள். வேட்டை இல்லை, வேலை இல்லை. குப்பைமேட்டில் உணவு பொறுக்கினர் பிள்ளைகள். 1967-இல் ஊருக்கு இன்னும் வெளியே, 'தெனெ கிராமம்' என்ற வேறோர் இடத்துக்குத் தள்ளப்பட்டனர். தீயாலும் குடியாலும் வன்முறையாலும் மாண்டோர் பலர்.

1973-இல் அம்மக்கள் எவர் ஆணைக்கும் காத்திராமல் தாமே புறப்பட்டு, டடூலி ஏரிக்கரையில் குடியேறினர். கனடா அரசு மன்னிப்புக் கேட்டது 2016-இல். இழப்பீடு 3 கோடியே 36 இலட்சம் டாலர். இடையில் கடந்தவை 60 ஆண்டுகள். சர்ச்சிலில் வாழ்ந்த காலத்திலேயே மாண்டுபோன நூற்றுக்கும் மேற்பட்டோர் அதைக் கேட்க இல்லை.