காஸ் பெடலின் கதை: கம்பியிலிருந்து கணினிக்கு



வேகமான கார்களில் நாட்டமுள்ள எமது இளைஞர்கள் நான்கு பேர் கூடினால் ஒரு விவாதம் தவறாமல் எழும். 'பழைய காரில் காலை வைத்ததும் எஞ்சின் பாயும். புதிய காரில் மின்சாரக் காஸ். மிதித்து விட்டுக் காத்திருக்க வேண்டும்' என்பார் ஒருவர். 'அது உன்னுடைய பிரமை' என்பார் மற்றவர். இருவரில் யார் சரி? இந்த மாத உரையில் அதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை. பெற்றோல் எஞ்சினின் வலுவைக் கட்டுப்படுத்துவது உள்ளே போகும் காற்றின் அளவு ஆகும். காற்றுக் குழாயின் வாயில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். அது திரும்பித் திறந்தால் காற்று நிறையப் போகும், எஞ்சின் வேகம் எடுக்கும். மூடினால் அடங்கும். எமது வலது கால் செய்யும் வேலை அந்தத் தட்டைத் திருப்புவது மட்டுமே.

ஊரில் பழைய றலி சைக்கிள்களின் பிறேக் இரும்புத் தண்டுகளால் இயங்கியது நினைவிருக்கும். பின்னர் வந்த சைக்கிள்களில் உறைக்குள் ஓடும் வயர் வந்தது. கார்களிலும் இதே கதைதான். தொடக்கத்தில் தண்டுகளும் நெம்புகளும், பிறகு உறைக்குள் ஓடும் கம்பி. எதுவாக இருந்தாலும் காலுக்கும் தட்டுக்கும் இடையே வேறு ஒருவரும் இல்லை. கால் எவ்வளவு அசைந்ததோ அதற்கேற்பத் தட்டும் அசைந்தது.

இந்த எளிமையின் அருமையை எம்மவர் நன்கு அறிவர். 1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரும்பொருளாயிற்று. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களின் காபரேற்றரைக் கழற்றி, பார்த்து, கையால் மாற்றியமைக்க முடிந்ததாலேயே அது கைகூடியது. கணினி காவல் நிற்கும் இன்றைய எஞ்சினில் அப்படிச் செய்ய முடியாது.

ஜேர்மனியில் கம்பிக் காலத்தின் புகழ்பெற்ற வேகக் கார் 1976 இல் வந்த கோல்ப் ஜி.ரி.ஐ. அதன் வலு 110 குதிரைவலு மட்டுமே. ஆனால் எடை ஏறத்தாழ 810 கிலோ. எரிபொருளை இயந்திர முறையில் உட்செலுத்தும் எஞ்சின், நேராக இழுபடும் கம்பி, பாரமற்ற உடல். இவை மூன்றும் சேர்ந்துதான் 'கால் வைத்ததும் பாயும்' என்ற பெயரை அதற்கு வாங்கிக் கொடுத்தன. கம்பிக்கு மட்டும் முழுப் பெருமையையும் கொடுப்பது நியாயமாகாது.

மாற்றம் 1987 இல் மியூனிக்கிலிருந்து வந்தது. பி.எம்.டபிள்யூ நிறுவனம் 12 சிலிண்டர், 5 லீற்றர், 300 குதிரைவலு கொண்ட 750ஐ காரை வெளியிட்டது. அதில் காஸ் பெடலிலிருந்து எஞ்சினுக்குக் கம்பியே போகவில்லை. பெடலின் நிலையைச் சென்சர் அளந்து கணினிக்குச் சொல்லும். எஞ்சினின் இரு பக்கத்துக்கும் தனித்தனியாக இருந்த தட்டுகளை மின் மோட்டார்கள் திருப்பும். மணிக்கு 250 கிலோமீற்றரைத் தாண்டாதபடி மின்னணு முறையில் கட்டுப்படுத்தப்பட்டதும் இந்தக் காரே. ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் 'போதும்' என்று சொல்லும் அதிகாரம் ஒரு பெட்டிக்குக் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

ஏன் இந்த மாற்றம் தேவைப்பட்டது? பனியிலும் மழையிலும் சில்லு சுழன்று சறுக்கும்போது, ஓட்டுநர் காலை எடுக்காவிட்டாலும் எஞ்சின் வலுவைக் குறைக்க வேண்டும். கம்பி காலுக்கு மட்டுமே கீழ்ப்படியும். மோட்டாரோ கணினிக்கும் கீழ்ப்படியும். 1995 இல் மெர்சிடஸ் காரில் பொஷ் நிறுவனத்தின் ஈ.எஸ்.பி என்னும் சறுக்கல் தடுப்பு முறை வந்தது. 1997 ஒக்ரோபரில் சுவீடனில் நடந்த சோதனை ஒன்றில் மெர்சிடஸ் ஏ ரகக் கார் குடைசாய்ந்தது. அதன் பின்னர் அச்சிறிய காருக்கும் ஈ.எஸ்.பி கட்டாயமாகப் பொருத்தப்பட்டது. 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் புதிய கார்கள் அனைத்துக்கும் இது சட்டமாயிற்று. கூடவே புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகின. திடீரென்று தட்டு திறந்து மூடுவதால் எரிபொருளும் காற்றும் விகிதம் தவறி நச்சுப்புகை கூடுகிறது. அதைத் தணிக்கவும் மின்சாரக் காஸ் உதவியது.

எமது வட்டாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. காபரேற்றருக்குப் பேர்போன நொய்ஸ் நகரத்துப் பியர்பூர்க் நிறுவனம் பின்னர் மின்சாரத் தட்டுகளைச் செய்தது. டோர்ட்மண்டுக்குக் கிழக்கே லிப்ஸ்ரட் நகரின் ஹெல்லா, பெடல் சென்சர்களைச் செய்யும் நிறுவனங்களுள் ஒன்று.

இனி விவாதத்துக்கு வருவோம். மின்சாரக் காஸ் உண்மையில் மெதுவானதா? மின் மோட்டார் தட்டை மூடிய நிலையிலிருந்து முழுதாகத் திறக்க ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு போதும். ஆகவே தாமதத்துக்கு மோட்டாரைக் குற்றம் சொல்ல முடியாது. தாமதம் மென்பொருளில் எழுதப்படுகிறது. கால் மிதித்ததும் கணினி அதை ஒரு கட்டளையாக எடுப்பதில்லை. ஜேர்மன் பொறியியலாளர்கள் அதற்கு வைத்த பெயரே 'ஓட்டுநரின் விருப்பம்' என்பதுதான். விருப்பத்தைப் பெற்றுக்கொண்ட கணினி, சில்லு சறுக்குகிறதா, புகை கூடுமா, கியர்பெட்டி குலுங்குமா என்றெல்லாம் பார்த்து, பிறகே முடிவெடுக்கிறது. அலுவலகங்களில் விண்ணப்பம் கொடுத்துக் காத்திருந்த எமக்கு இது புரியாத விஷயமல்ல.

இதற்குச் சிறந்த சான்று 1998 இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5. எட்டு சிலிண்டருக்கும் எட்டுத் தட்டுகள், 400 குதிரைவலு, எல்லாம் மின்சாரக் காஸ். அதில் 'ஸ்போர்ட்' என்ற ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் அதே பெடல், அதே மோட்டார், அதே தட்டுகள் உடனே கூர்மையாகப் பதில் சொல்லும். எஞ்சினில் எதுவும் மாறவில்லை, கணினியின் கணக்கு மட்டும் மாறியது. ஆகவே எமது இளைஞர் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. தாமதம் பிரமை அல்ல. ஆனால் அதற்குக் காரணம் கம்பி போனது அல்ல, கம்பி இருந்த இடத்தில் இன்னொருவரின் தீர்மானம் வந்து அமர்ந்ததுதான். இன்றைய ரேர்போ எஞ்சின்களில் காற்றழுத்தம் ஏற எடுக்கும் நேரமும் இதனுடன் சேருவதால் குழப்பம் கூடுகிறது.

அந்தத் தீர்மானத்தை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. பெடலிலும் தட்டிலும் இரண்டிரண்டு சென்சர்கள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கணினி வலுவைக் குறைத்து அவசர நிலைக்குப் போகும். 2009, 2010 ஆம் ஆண்டுகளில் ரொயோட்டா கார்கள் தாமாகவே வேகமெடுத்தன என்ற புகாரால் இலட்சக்கணக்கான கார்கள் திருப்பி அழைக்கப்பட்டன. தரைவிரிப்பில் சிக்கும் பெடலும் ஒட்டிக்கொள்ளும் பெடலும் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. அமெரிக்க அரசு நாசாவையும் கொண்டு ஆராய்ந்தது. மின்னணுக் கோளாறுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என 2011 இல் அறிவித்தது. ஆனால் 2013 இல் ஒக்லஹோமா மாநிலத்தில் ஒரு வழக்கில் மென்பொருள் பற்றிய சாட்சியத்தைக் கேட்ட ஜூரிகள் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். கம்பியும் குற்றமற்றதல்ல. அது துருப்பிடித்து இறுகும், இழை இழையாக அறும். ஆனால் அறுந்த கம்பியைக் கண்ணால் பார்க்கலாம்.

இந்த மாற்றம் தொழிலையும் மாற்றியது. 2003 ஆம் ஆண்டு ஜேர்மனி, கார் மெக்கானிக், கார் மின்தொழிலாளி போன்ற பயிற்சிகளை இணைத்து 'மெக்கற்றோனிக்கர்' என்ற ஒரே அவுஸ்பில்டுங் ஆக்கியது. கைப்பழக்கம் மட்டும் இனிப் போதாது, கணினியின் பிழைக்குறிகளை வாசிக்கவும் மின்சுற்றை அளக்கவும் தெரிய வேண்டும் என்பதை நாடே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. அயலில் போகும் நகரில் 1962 இல் தொடங்கி எத்தனையோ கடெற் கார்களைச் செய்த ஒப்பல் தொழிற்சாலை 2014 இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் மெக்கற்றோனிக்கருக்கு வேலை குறையவில்லை. பிள்ளைகளின் தொழிலைப் பற்றி யோசிக்கும் பெற்றோர் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

பெடலுக்கும் கணினிக்கும் இடையே சிறு பெட்டி ஒன்றைச் செருகி 'கார் வேகமாகிவிட்டது' என்று மகிழும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். அந்தப் பெட்டி ஒரு குதிரைவலுவைக்கூடக் கூட்டுவதில்லை. சிறிது மிதித்ததை அதிகம் மிதித்ததாகக் கணினிக்குச் சொல்கிறது, அவ்வளவே. டோர்ட்மண்டின் 'வால்' வட்டவீதியில் இரவில் அதைச் சோதித்துப் பார்க்க நினைப்பவர், வீதியில் சட்டவிரோத ஓட்டப்போட்டி 2017 முதல் குற்றவியல் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை மறக்கக் கூடாது.

2024 யூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் புதிய கார்களில் வேக எல்லையை நினைவூட்டும் கருவி கட்டாயம். சில கார்களில் அது பெடலையே காலுக்கு எதிராகத் தள்ளும். இன்னும் அழுத்தி மிதித்து ஓட்டுநர் அதை மீறலாம். மின்சாரக் கார்களிலோ காற்றுத் தட்டே இல்லை. எவ்வளவு சடுதியாகப் பாயவேண்டும் என்பது பெரும்பாலும் மென்பொருளின் கையில்தான். ஆகவே கார் வாங்கப் போகும்போது குதிரைவலுவை மட்டும் கேட்காமல், ஓட்டிப் பாருங்கள். காலின் விருப்பத்தை அந்தக் கார் எப்படிக் கேட்கிறது என்பதையும் கவனியுங்கள்.