பிசுபிசுப்புக்கும் ஒரு வரலாறு இருக்கு

போன வருசம் கார்த்திகை, விடாத மழை. சிலிக்கன் அச்சில் எப்பொக்சி றெசின் ஊற்றிப் பதக்கமும் தோடும் செய்து விற்கலாம் எண்டு நாங்கள் நாலு பேர் காசு சேர்த்துச் சாமான் வாங்கினோம். எங்களில் ஒருத்தி புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்த நித்தியகல்யாணிப் பூக்களைக் கொண்டுவந்தாள். அம்மம்மாவின் முற்றத்தில் பூத்தவை. அம்மம்மா இப்ப இல்லை, வளவும் கைமாறிவிட்டது. இருந்தது ஆறு பூ. முதல் ஊற்றிலேயே மூன்றை வைத்தோம்.

அடுத்த நாள் அச்சைத் திறந்தால் விரல் ஒட்டுது. மூன்றாம் நாளும் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது.

எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கரையில் பைபர் படகு திருத்துகிற மாமா ஒருவர், மழைநாளில் றெசின் இறுகப் பிந்தினால் கடினமாக்கியைக் கொஞ்சம் கூட விடுவார். நாங்களும் அடுத்த கலவையில் கூட விட்டோம். அது முதலாவதை விட மோசம். ஏன் எண்டு தேடப்போனதில்தான் இந்தப் பிசுபிசுப்புக்குப் பெரிய வரலாறு இருப்பது தெரியவந்தது.

முதலில் றப்பர். 1830களில் அமெரிக்காவில் றப்பர் பொருட்களுக்கு ஒரு மோகம் இருந்தது. ஆனால் குளிரில் அவை கல்லாகும், வெயிலில் களியாகும். சார்ல்ஸ் குட்இயர் அரசாங்கத்துக்குச் செய்த தபால் பைகளும் வெக்கையில் இளகிக் கெட்டுப்போயின. 1839இல்தான் கந்தகம் கலந்த றப்பரைச் சூடாக்கினால் ஒட்டாமல் இறுகும் எண்டு கண்டார். கந்தகம் றப்பரின் நீண்ட இழைகளுக்கு இடையில் பாலம் போடுகிறது. பாலம் போதாதவரை அது பிசின்தான். குட்இயர் 1860இல் கடனோடுதான் செத்தார்.

கந்தகத்தைக் கூட்டினால் கறுப்பாக, கடினமாக ஒரு பொருள் வரும். வல்கனைற் என்பார்கள். விக்ரோறியா காலத்து இங்கிலாந்தில் செத்தவீட்டுத் துக்கத்துக்கு அணியும் கறுப்பு நகைகள் விற்றிபிக் கரையோரத்து ஜெற் என்ற கறுத்த புதைபடிவ மரத்தில் செய்யப்பட்டன. அதற்குக் காசில்லாதவர்களுக்கு வல்கனைற் நகை. இறந்தவரின் ஞாபகத்தை அச்சில் வார்த்துக் கழுத்தில் போடுவது எங்கட கண்டுபிடிப்பு இல்லை எண்டு அப்பதான் விளங்கியது. அதே பொருளில்தான் பொய்ப்பற்களின் அடித்தட்டும் செய்தார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கோ.

அடுத்தவர் லியோ பேக்லண்ட். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். பீனோலையும் போமல்டிஹைட்டையும் சேர்த்தால் பாத்திரத்தில் ஒட்டிக்கிடக்கும் பிசின் வரும் எண்டு முன்னரே பலருக்குத் தெரியும். 1907இல் அவர் அதைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் கட்டுப்படுத்திப் பேக்லைற் ஆக்கினார். அந்தப் பிசின் இறுகுவதை ஏ, பி, சி என மூன்று நிலைகளாகப் பிரித்தார். ஏயில் உருகும், கரையும். பியில் சூடு பட்டால் இளகும். சியில் உருகவும் மாட்டாது, கரையவும் மாட்டாது. இதை வாசித்தபோது எங்கட பதக்கங்கள்தான் ஞாபகம் வந்தன. அவையும் இப்பிடி நடுவழியில் நின்றுபோனவை.

இனி எப்பொக்சி. பியர் காஸ்தான் என்ற சுவிஸ் வேதியியலாளர் 1930களில் தேடியது பொய்ப்பல்லுக்கான பொருள். இறுகும்போது சுருங்காத ஒன்று வேணும். பல்வைத்தியத்தில் அது எடுபடவில்லை. உரிமை பாசலில் இருந்த சீபா நிறுவனத்துக்குப் போனது. 1946இல் அது அரல்டைற் என்ற பசையாக வெளிவந்தது. அமெரிக்காவில் சில்வன் கிறீன்லீ அதே வழியில் பூச்சுகளுக்காக வேலைசெய்தார்.

எங்கட பிழை இந்த இடத்தில்தான். படகு றெசின் பொலியெஸ்ரர். அதில் விடுகிற சில துளிகள் வினையைத் தொடக்கிவிடுகின்றன, அவ்வளவுதான். கொஞ்சம் கூடினால் கெதியாக இறுகும். எப்பொக்சியின் கடினமாக்கி அப்படியில்லை, அதுவும் பொருளில் ஒரு பங்கு. ஒவ்வொரு மூலக்கூறும் மற்றதில் ஒரு கை பிடிக்க வேணும். கூட விட்டால் பிடிக்கக் கையில்லாமல் மிஞ்சும். மிஞ்சியது என்றைக்கும் பிசுபிசுப்புத்தான். மாமா பிழையில்லை, அவரின் விதியை நாங்கள் வேறொரு பொருளில் போட்டதுதான் பிழை.

முதல் ஊற்றுக்கும் காரணம் கிடைத்தது. போத்தலில் கனவளவால் ஒன்றுக்கு ஒன்று எண்டிருந்தது. நாங்கள் தராசில் நிறுத்தோம். கடினமாக்கி றெசினைவிடப் பாரம் குறைவு, ஆகவே சம நிறையில் அதுதான் கூடிப்போச்சு. கோப்பையின் ஓரத்தில் ஒட்டியிருந்த கலக்காததையும் வழித்து ஊற்றியிருந்தோம்.

உங்களுக்கும் ஒட்டினால் முதலில் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிப் பாருங்கோ. ஈரக்காற்றும் கரியமிலவாயுவும் பட்டு மேலே மெழுகுபோலப் படிந்ததெண்டால் போய்விடும். அளவு சரியாக இருந்து குளிரால் பிந்தியதெண்டால், சூடான அறையில் இரண்டு மூன்று நாள் வைத்தால் இறுகும். மெல்லிய வார்ப்பில் சூடு பிறப்பதே குறைவு, அதனால் அது இன்னும் பிந்தும். அளவு பிழையெண்டால் காத்திருந்து பலனில்லை. கையுறை போட்டு, மெதுவானதைச் சுரண்டி எடுத்து, அல்கஹோலால் துடைத்து, சரியான கலவையைத் திரும்ப ஊற்ற வேணும்.

ஒட்டுகிறதை மினுக்குப் பவுடர் போட்டு மறைத்து விற்கலாம் எண்டு எங்களுக்குள் ஒரு கதை வந்தது, பொய் சொல்லேல்லை. ஆனால் இறுகாத எப்பொக்சி தோலில் பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலும் திரும்ப வரலாம். தோடு போடப்போவது எங்கட வகுப்புப் பிள்ளைகள். முற்பணம் தந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தோம். கொஞ்சம் கடன் இன்னும் கிடக்கு.

பூ வைத்த மூன்று பதக்கங்களையும் சுரண்டியதில் இரண்டில் இதழ் கிழிந்துபோனது. மூன்றாவதைச் சுற்றி முழுதாகத் திரும்ப ஊற்றினோம், இந்த முறை அளவுக் கோப்பையால். இறுகிவிட்டது. ஒரு ஓரத்தில் சின்னக் குமிழி இருக்கு. அவள் அதைத்தான் விரிவுரைக்குப் போட்டுக்கொண்டு வாறாள். மிச்ச மூன்று பூவும் இன்னும் புத்தகத்துக்குள்தான் இருக்கு.