அட்டவணைக்குப் பின்னால் நிற்கும் வினா

ஆய்வேட்டின் அட்டவணை தரவுத்தளத்தோடு தொடர்பறாமல் இருந்து, தரவு மாறுந்தோறும் தானும் மாறவேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் விருப்பம். இவ்வசதி இரண்டு மரபுகளின் சந்திப்பில் பிறந்தது.

முதலாவது, வினவும் மரபு. தரவு எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதை அறியாமலே அதனிடம் வினவ இயலவேண்டும் என்ற கருத்தை ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் கோட் 1970இல் முன்வைத்தார். 1974இல் சேம்பர்லினும் பாய்ஸும் அதற்கெனச் ‘சீக்வெல்’ என்ற வினவல் மொழியை வெளியிட்டனர். இன்றைய எஸ்க்யூஎல் அதன் வழிவந்ததே.

இரண்டாவது, ஆவண மரபு. ஒரு மென்பொருளின் தரவை மற்றொன்றின் ஆவணத்தில் தொடர்பறாமல் காட்டும் முயற்சிகள் 1980களின் பிற்பகுதியில் வலுப்பெற்றன. மைக்ரோசாஃப்டின் டிடிஇ 1987இலும், ஓஎல்இ 1990இலும் வந்தன. 1992இல் வந்த ஓடிபிசி, பல்வேறு தரவுத்தளங்களை ஒரே வழியில் அணுக வகைசெய்தது. இவ்விரு மரபுகளும் கூடும் இடமே வேர்டு மென்பொருளின் ‘டேட்டாபேஸ்’ புலம்.

அப்புலத்துள் இருப்பது அட்டவணை மட்டுமன்று. தரவுத்தளத்தின் முகவரியும் வினவலும் அடங்கிய ஒரு குறிமுறையும் உண்டு. எஃப்9 விசையை அழுத்தினால் வினவல் மீண்டும் இயங்கும். ஆல்ட்+எஃப்9 குறிமுறையைக் காட்டும். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்9 தொடர்பை அறுத்து, அட்டவணையை வெறும் எழுத்தாக்கிவிடும். புதுப்பித்தலுக்கும் நிலைநிறுத்தலுக்கும் தனித்தனி விசைகள் இருப்பது கருதத்தக்கது. ஆவணம் என்பது சான்று. சான்று தானே மாறலாகாது.

விடையைக் காட்டி வினாவை மறைப்பதால் நேரும் குழப்பத்தை மொழியியலார் நன்கறிவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் கூறியவாறே பதிவான தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தியபின் வகைப்படுத்தப்பட்ட தாய்மொழிகள் 1,369. பத்தாயிரம் பேரேனும் பேசவேண்டும் என்ற வரம்பையும், தாய்மொழிகளை மொழிகளின்கீழ்த் தொகுக்கும் முறையையும் சேர்த்தால் கிடைப்பவை 121 மொழிகள். கணக்கெடுப்பு ஒன்றே; வினாக்கள் மூன்று. ‘இந்தியாவின் மொழிகள் எத்தனை’ என்று எண்ணை மட்டும் எழுதுபவர், தாம் எதைக் கேட்டார் என்பதைச் சொல்லாமல் விடுகிறார்.

ஆய்வேட்டில் மற்றொரு சிக்கலும் உண்டு. அட்டவணை புதுப்பிக்கப்படும், அதை விளக்கும் வாக்கியம் புதுப்பிக்கப்படாது. தரவுத்தொகுதியில் சில உரைகள் சேர்ந்ததும் எண்கள் நகரும். ‘மூன்றில் ஒரு பங்கு’ என்ற நம் சொல்லோ நின்ற இடத்திலேயே நிற்கும். அச்சிடுமுன் புலங்களைப் புதுப்பிக்கும் தெரிவு வேர்டில் உள்ளது. அது இயங்கினால் நாம் கடைசியாகப் படித்த எண் ஒன்றாகவும், தேர்வாளர் கையில் கிடைக்கும் எண் வேறாகவும் அமையக்கூடும்.

எனவே வரைவுக் காலத்தில் தொடர்பு இருக்கட்டும். சமர்ப்பிக்குமுன் தொடர்பை அறுத்து, வினவலின் முழு வடிவத்தையும் அது இயங்கிய நாளையும் பின்னிணைப்பில் சேர்ப்பதோடு, அந்நாளைய தரவின் படி ஒன்றையும் காத்து வைத்தல் வேண்டும். நம் எண்ணைப் பிறர் சரிபார்க்க இவை மூன்றும் தேவை.