கைக்கு எட்டிய ஒளி

பாகான் செராய் நகரைச் சுற்றி நெல்வயல்களும் செம்பனைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. மலாய் மொழியில் 'பாகான்' என்பது படகுத்துறையையும், 'செராய்' என்பது எலுமிச்சைப் புல்லையும் குறிக்கும். பெயரிலேயே நீரும் மண்ணும் மணக்கும் இவ்வூருக்கு எந்திரங்களோடும் பழைய உறவொன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் மாவட்டம் கரும்புக்குப் பெயர் பெற்றிருந்தது. கூலா முதலிய இடங்களில் கரும்பாலைகள் எழுந்தன. நீராவி எந்திரங்கள் இரைந்தன. அவ்வாலைகளுக்கும் தோட்டங்களுக்கும் உழைக்கத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறி வந்தனர். இவ்வட்டாரத்துத் தமிழன் ரப்பர் மரத்தைத் தொடுவதற்கு முன்பே எந்திரத்தின் அருகில் நின்றுவிட்டான் எனலாம்.

1906ஆம் ஆண்டில் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்துடன் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவெய்தியது. வயல்கள் பெருகின. இந்தியத் தொழிலாளரின் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கரும்பு மெல்ல மறைந்து ரப்பர் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. பயிர் மாறியது, எந்திரமும் அதனைப் பழுதுபார்க்கும் பட்டறையும் மாறாமல் நின்றன. அப்பட்டறையில் வேலை செய்தவனுக்கு ஒளி எவ்வாறு கிடைத்தது என்பது வரலாற்று நூல்கள் அதிகம் பேசாத செய்தி. ஆனால் தொழிலாளியின் விரலும் விழியும் அந்த ஒளியை நம்பியே இருந்தன.

மின்சாரம் வருமுன் பட்டறைக்குச் சூரியனே விளக்கு. சன்னலோரம் எந்திரத்தை நிறுத்துவது அக்காலத்து வழக்கம். மழை இருட்டிலும் மாலை மங்கலிலும் மண்ணெண்ணெய் விளக்கு துணைக்கு வந்தது. கார்பைடுக் கல்லில் நீர் சொட்ட, அதிலிருந்து எழும் அசிட்டிலின் வாயு எரியும் விளக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. அதன் ஒளி வெண்மையானது, கூர்மையானது. எனினும் எண்ணெய்க் கசிவும் பஞ்சுக் கழிவும் நிறைந்த பட்டறையில் திறந்த சுடர் எந்நேரமும் ஆபத்தே.

மலாயாவின் மின்சார வரலாற்றில் தமிழர் ஒருவரின் பெயர் முதல் வரிசையில் நிற்கிறது. 1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கில் தங்கள் ஈயச்சுரங்கத் தொழிலுக்காக மின்னாக்க எந்திரத்தைப் பயன்படுத்தினர். பேராவில் 1926இல் பேரா ஆற்று நீர்மின் நிறுவனம் அமைந்தது. மாலிம் நாவார் மின்நிலையமும், அதனைத் தொடர்ந்து 1930இல் செண்டெரோ அணையும் இயங்கத் தொடங்கின. அம்மின்சாரத்தைப் பெரிதும் வாங்கியவை கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச்சுரங்கங்களே. ஈயத்தூர்வாரிகளும் சரளைப் பம்புகளும் ஓய்வின்றி உழைத்தமையால் அவற்றின் உறுப்புகளைக் கடைந்தும் துளையிட்டும் தர ஈப்போவில் வார்ப்படச்சாலைகளும் பட்டறைகளும் வளர்ந்தன.

தோட்டப்புறத்தின் கதை வேறு. பல தோட்டங்களில் எந்திரம் தந்த மின்சாரம் முதலில் ஆலைக்குச் சென்றது. அடுத்து துரையின் பங்களாவுக்குச் சென்றது. தொழிலாளர் லயங்களுக்கு மிகப் பிந்தியே வந்தது. வந்த இடங்களிலும் இரவில் குறித்த நேரத்தில் எந்திரம் நிறுத்தப்பட்டதும் லயங்கள் இருளில் மூழ்கின. விடியுமுன் பால் மிகுதியாகச் சுரக்கும் என்பதால், பால்மரம் சீவுவோர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் புறப்பட்டனர். உற்பத்திக்கு வேண்டிய அளவு ஒளி தரப்பட்டது. பிள்ளைகளின் படிப்புக்கு வேண்டிய ஒளி காத்திருந்தது.

ஆலைக்கு வந்த மின்விளக்கும் தொழிலாளியின் இடரை முற்றும் நீக்கவில்லை. கூரையில் தொங்கும் விளக்கின் கீழ்த் துளையிடும் எந்திரத்தில் ஒருவன் குனிந்தால், அவன் தலையின் நிழலே வேலையின் மீது விழும். துளை விழவேண்டிய புள்ளியும், அளவுகோலின் நுண்ணிய கோடும் அந்நிழலில் மறையும். பார்ப்பதற்காக அவன் இன்னும் குனிவான். சுழலும் துரப்பணத்திற்கு முகமும் தலைமுடியும் நெருங்கும். விபத்து பிறக்கும் இடம் அதுவே. எந்திரத்தோடு பொருத்தி, வேண்டிய பக்கம் வளைத்துக்கொள்ளும் விளக்கு இதனால்தான் தேவைப்பட்டது. 1932இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கார்வர்டைன் என்னும் பொறியாளர் வில்சுருள்களின் சமநிலையால் நிறுத்திய இடத்தில் நிற்கும் விளக்கை வடிவமைத்தார். இன்று படிப்பு மேசைகளை அணிசெய்யும் அவ்வடிவம், முதலில் தொழிலிடங்களுக்கே ஏற்றதெனக் கருதப்பட்டது.

எந்திர விளக்குக்கு வேறு இரு பகைகளும் உண்டு. ஒன்று அதிர்வு, மற்றொன்று வெட்டுமுனையைக் குளிர்விக்கப் பாயும் நீர்மம். அதிர்வில் மெல்லிய மின்னிழை அறுந்துபோகும். ஈரக்கையோடு 240 வோல்ட் விளக்கைத் தொடுவது உயிரோடு விளையாடுவதாகும். இரண்டுக்கும் ஒரே மருந்து கண்டனர்: மின்மாற்றியின் துணையால் 24 வோல்ட் போன்ற குறைந்த அழுத்தத்தில் விளக்கை எரித்தனர். அதற்குரிய தடித்த மின்னிழை அதிர்வைத் தாங்கியது. மின்தாக்கின் அச்சமும் குறைந்தது.

1938இல் விற்பனைக்கு வந்த குழல்விளக்கு பட்டறைகளைப் பகலாக்கியது. ஆனால் அது கண்ணை ஏமாற்றவும் கற்றிருந்தது. 50 சுழற்சி மின்சாரத்தில் குழல்விளக்கு ஒரு நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்கும். நான்கு பல் கொண்ட மில்லிங் கருவி நிமிடத்திற்கு 1500 சுற்று சுழன்றால், நொடிக்கு 100 பற்கள் ஒரே இடத்தைக் கடக்கும். ஒவ்வொரு ஒளிர்விலும் ஏதேனும் ஒரு பல் அதே இடத்தில் நிற்பதால், சுழலும் கருவி அசையாதது போலத் தோன்றும். நின்றுவிட்டதென நம்பிக் கையை நீட்டுவோனின் விரல்களுக்கு அது எமன். அடுத்தடுத்த குழல்களை வெவ்வேறு மின்கட்டங்களில் இணைப்பதும், இழைவிளக்கு ஒன்றை எந்திரத்தோடு வைப்பதும் பட்டறைகள் கற்ற தற்காப்பு. இழை விரைவில் குளிராது. ஆகையால் அதன் ஒளி அத்துணைத் துடிப்பதில்லை.

போதிய, பொருத்தமான ஒளி தொழிலாளியின் உரிமை என்பதைச் சட்டம் தாமதித்தே ஏற்றது. பிரிட்டனின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதனை வற்புறுத்தியது. மலேசியாவில் 1967இல் இயற்றப்பட்ட தொழிற்சாலை, எந்திரச் சட்டம் 1970இல் நடைமுறைக்கு வந்தது. 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிறந்தது. 2024 ஜூன் 1ஆம் நாள் பழைய சட்டம் நீக்கப்பட்டு, அப்பொறுப்பைப் புதிய சட்டமே ஏற்றது.

1985இல் ஈய விலை வீழ்ந்தது. கிந்தாவின் சுரங்கங்கள் அடங்கின. தோட்டங்கள் கைமாறின, ரப்பரின் இடத்தைச் செம்பனை கவர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வெட்டுக்கத்தியை விட்டு எந்திரத்தின் கைப்பிடியைப் பற்றினர். அவர்கள் முன் இன்று எரிவது எல்இடி விளக்கு. அதற்கு அறுந்துபோகும் இழை இல்லை, வெப்பம் குறைவு. ஆயினும் அதனை இயக்கும் மின்னமைப்பு மட்டமானதாயின் அதுவும் துடிக்கும். பழைய ஏமாற்று மீண்டும் தலைகாட்டும்.

கரும்பாலையின் எண்ணெய்ச் சுடரிலிருந்து எல்இடி வரை விளக்குகள் பல மாறிவிட்டன. எந்திரம் நன்கு தெரிய வேண்டும் என்று ஒளியேற்றியோர் பலர். எந்திரத்தின் முன் நிற்பவன் நலமாக வீடு திரும்ப வேண்டும் என்று ஏற்றியோர் சிலர். அச்சிலர் பலராகும் அளவே பட்டறையில் உண்மையான வெளிச்சம்.