பனிநிலத் திகிற்படங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழிலே 'பனி' என்னும் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்பது. விடியற்காலையிற் புல்நுனியிற் காணப்படும் நீர்த்துளியும் பனி. மலைச்சரிவை மறைக்கும் புகைப்படலமும் பனி. வடபுலங்களில் வானிலிருந்து வெண்பஞ்சுபோல் இறங்குவதும் பனியே. இறுதியாகக் கூறியதை வேறொரு சொல்லாற் பிரித்துச் சுட்டவேண்டிய தேவை தமிழ் வழங்கிய நிலங்களுக்கு ஏற்படவில்லை. ஆயின் இதே சொல்லின் வழிவந்த 'பனித்தல்' என்னும் வினைக்கு நடுங்குதல், அஞ்சுதல் ஆகிய பொருள்கள் பழந்தமிழில் உண்டு. குளிரினால் வரும் நடுக்கத்தையும் அச்சத்தினால் வரும் நடுக்கத்தையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழியைப் பேசுவோர், பனி விழும் நிலத்தைக் களமாகக் கொண்ட திகிற்படங்களை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பது ஆராயத்தக்கது.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் அம்பாறைக் கரையோரத்தில் மார்கழி வாடையின்போதும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. நுவரெலியாவிற் சில ஆண்டுகளில் தையிலும் மாசியிலும் புல்வெளி உறைந்து வெளுப்பதுண்டு. அதற்கு மேல் இலங்கை பனியை அறியாது. திரையரங்குகள் செழித்திருந்த நாள்களில் இங்கு வந்தவை பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழ்ப் படங்களே. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியைத் தன் கையில் எடுத்த பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1977இன் திறந்த பொருளாதாரமும், 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினியும், அவற்றை ஒட்டிப் பெருகிய வீடியோ நாடாக்களுமே மேலைத்தேயத் திகிற்படங்களை வீட்டுக்குள் கொண்டுவந்தன. இன்று அவை கைத்தொலைபேசியிற் பார்க்கப்படுகின்றன. கருவி மாறினும் கேள்வி மாறவில்லை: கண்ணாற் காணாத ஒன்றுக்கு அஞ்சி மகிழ்வதன் இரகசியம் யாது?

வெப்பநிலத்து மனிதன் பனியைக் கண்டு அஞ்சிய வரலாறு சினிமாவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. அப்பாசியக் கலீபா முக்ததிரின் தூதுக்குழுவில் ஒருவராக 921இல் பக்தாதிலிருந்து புறப்பட்ட அஹ்மத் இப்னு பழ்லான், வொல்கா நதிக்கரையிலிருந்த பல்கார் மன்னனை 922இற் சென்றடைந்தார். வழியிற் குவாரிஸ்ம் நாட்டிலே குளிர்காலம் முழுவதும் அவர் தங்க நேர்ந்தது. ஹம்மாமிற் குளித்து வீடு திரும்புவதற்குள் தமது தாடி ஒரே பனிக்கட்டியாக இறுகிவிட்டதையும், அதை நெருப்பருகே பிடித்து உருக்கவேண்டியிருந்ததையும் அவர் எழுதிவைத்துள்ளார். ஸம்ஹரீரின் வாயிலொன்று தம்மீது திறந்துவிட்டதோ என எண்ணியதாகவும் கூறுகின்றார். குர்ஆன் குறிப்பிடும் கடுங்குளிரே ஸம்ஹரீர். நரகம் என்றதும் நெருப்பை மட்டுமே நினைப்போர்க்கு, குளிரால் வருத்தும் வேதனையும் இஸ்லாமிய மரபிற் பேசப்பட்டுள்ளமை வியப்பளிக்கலாம். பல்கார் நாட்டை அடைந்த இப்னு பழ்லான், இரவு வானிற் செந்நிற மேகங்கள் ஆயுதந் தாங்கிய குதிரைவீரரைப்போல் ஒன்றோடொன்று மோதுவதைக் கண்டு நடுங்கிப் பிரார்த்தித்தார். நம்பிக்கைகொண்ட ஜின்களும் நிராகரித்த ஜின்களும் மாலைதோறும் பொருதுகின்றன எனத் தம் முன்னோர் கூறுவர் என்று மன்னன் விளக்கினானாம். அது வடதுருவ ஒளி என்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவர். ஆயினும் அந்தப் பயணியின் நடுக்கத்தில், பின்னாளைய பனித் திகிற்படத்தின் அடிப்படைகள் அனைத்தும் உள்ளன: தொலைதூரம், திரும்ப வழியின்மை, வெண்மையின் நடுவே உருக்கொள்ளும் மாற்றான். இவரது பயணக் குறிப்பின் கையெழுத்துப்படி 1923இல் மஷ்ஹதிற் கண்டெடுக்கப்பட்டது. அதைத் தழுவி மைக்கல் கிரைட்டன் 1976இல் எழுதிய நாவல் 1999இல் 'த தேர்ட்டீன்த் வோரியர்' எனத் திரைப்படமாகியது. படத்திலே குளிரின் அச்சத்தைவிட வாளின் ஓசையே மிகுந்து நிற்பது ஏமாற்றமே.

நவீன திகில் இலக்கியத்தின் பனிக்கும் வெப்பமண்டலத்திலேயே வேர் உண்டு. 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவிலே தம்போரா எரிமலை வெடித்தது. தம்போரா, பெக்காட் என்னும் சிற்றரசுகள் மக்களோடும் மொழியோடும் அழிந்தன. வானில் உயர்ந்த எரிமலைத் துகள்கள் உலகெங்கும் பரவிச் சூரிய வெப்பத்தைக் குறைத்தமையால், 1816ஆம் ஆண்டு மேற்குலகிற் கோடையில்லா ஆண்டாகியது. வட அமெரிக்காவின் கிழக்கில் ஜூன் மாதத்திற் பனி விழுந்தது. ஓயாத மழையினால் ஜெனீவா ஏரிக்கரையில் வீட்டினுள் அடைபட்டிருந்த கவி பைரனும் நண்பர்களும் பேய்க்கதை எழுதும் போட்டியொன்றில் இறங்கினர். அங்கிருந்த பதினெட்டு வயதுப் பெண்ணான மேரி அன்று தொடங்கிய கதையே 1818இல் வெளிவந்த 'பிராங்கன்ஸ்டைன்'. அந்நாவல் ஆட்டிக் கடலிற் பனிக்கட்டிகளுக்கிடையே சிறைப்பட்ட கப்பலிலே தொடங்கி அங்கேயே முடிகிறது. 1931ஆம் ஆண்டின் புகழ்பெற்ற திரைப்படம் இப்பனிக்கடலை முற்றாக விட்டுவிட்டமையால், பலர் அதனை அறியார். மேற்குலகப் பேய்க்கதையின் பனி, இந்துசமுத்திரத்தின் கிழக்கு எல்லையில் வாழ்ந்த மக்களின் சாம்பலிலிருந்து பிறந்தது எனின் அது மிகையன்று.

சினிமாவுக்கு வருவோம். பனிநிலத் திகிற்படங்களை ஒருசேர நோக்குமிடத்து இரு போக்குகள் புலப்படும். ஒன்றை முற்றுகைப் போக்கு எனலாம். ஜோன் கம்பெல் 1938இல் எழுதிய கதையை அடியொற்றி 1951இல் வெளிவந்த 'த திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்' இதன் முன்னோடி. வடதுருவ முகாமொன்றில் விண்ணிலிருந்து வந்த ஒன்றை அமெரிக்க விமானப்படையினர் ஒன்றிணைந்து அழிக்கின்றனர். பனிப்போர் தொடங்கிய காலத்து நம்பிக்கை அதில் வெளிப்படை. ஜோன் கார்ப்பென்டர் 1982இல் அதே கதையை மீண்டும் எடுத்தபோது களத்தை மூலக்கதையில் உள்ளவாறே அந்தாட்டிக்காவுக்குக் கொண்டு சென்றார். வந்த பொருள் எந்த மனிதனின் உருவையும் எடுக்கவல்லது. எனவே பன்னிரு ஆடவரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கின்றனர். ஒவ்வொருவரின் குருதியையும் சூடான கம்பியாற் சோதிக்கும் காட்சி உடலைச் சில்லிட வைப்பது. வெளியே ஓடவும் முடியாது. உள்ளே எவரையும் நம்பவும் முடியாது. அயலவன் யார் பக்கம் எனத் தெரியாத ஆண்டுகளைக் கடந்துவந்த கிழக்கிலங்கை வாசகனுக்கு இப்படம் வேற்றுக்கிரகக் கதையாகத் தோன்றாது. 'ஈ.ரி.' என்னும் அன்பான வேற்றுக்கிரகவாசியைப் பற்றிய படம் வெளியாகி இரு வாரங்களில் வந்தமையால் அன்று இப்படம் புறக்கணிக்கப்பட்டது. இன்று இவ்வகையின் தலைசிறந்த படைப்பாகப் பலர் கொள்வது இதனையே.

ஸ்டான்லி கூப்ரிக்கின் 'த ஷைனிங்' (1980) இப்போக்கைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தது. குளிர்காலத்தில் மூடப்பட்ட மலை விடுதியைக் காவல்செய்யச் சென்ற தந்தையே மனைவிக்கும் மகனுக்கும் எமனாகிறான். வீதியைப் பனி மூடிவிடுவதால் உதவி வர வழியில்லை. இதன் இறுதியிற் காணும் பனிபடர்ந்த செடிப்புதிர், இலண்டனுக்கு அண்மையிலுள்ள எல்ஸ்ட்ரீ கலையகத்திற் பெருமளவு உப்பைக் கொட்டி அமைக்கப்பட்டது. உலகை நடுங்கவைத்த அப்பனி, கடற்கரை மக்கள் கருவாடு போடப் பயன்படுத்தும் அதே உப்பே.

மற்றைய போக்கு பனியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோரின் கதைகளிலிருந்து வந்தது. இங்கு பேய் வெளியிலிருந்து முற்றுகையிடுவதில்லை; அது மனைவியாக வீட்டினுள் வாழ்கின்றது. பின்லாந்தின் எரிக் புளொம்பெர்க் 1952இல் எடுத்த 'வெள்ளைக் கலைமான்' படத்தில், கணவனின் அன்பை வேண்டி மந்திரவாதியை நாடிய சாமி இனப் பெண், வேட்டைக்காரரைக் கொல்லும் வெண்கலைமானாக உருமாறுகிறாள். ஈற்றிற் கணவனின் ஈட்டியே அவளைக் கொல்கிறது. யப்பானியரான மசாக்கி கொபயாஷியின் 'க்வைதான்' (1964) நான்கு கதைகளின் தொகுப்பு. லஃப்காடியோ ஹேர்ன் 1904இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்ட 'பனிப்பெண்' கதை அதில் இரண்டாவது. புயலில் அகப்பட்ட இரு விறகுவெட்டிகளுள் முதியவனைத் தன் மூச்சினாற் கொன்ற பனிப்பெண், கண்டதை எவரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையுடன் இளையவனை விட்டுச் செல்கிறாள். பின்னர் அவன் மணந்து பிள்ளைகள் பெற்று வாழ்ந்த மனைவியிடம் ஓரிரவு அக்கதையைச் சொல்லிவிடுகிறான். அவளே பனிப்பெண். பிள்ளைகளுக்காக அவனைக் கொல்லாது பனியில் மறைகிறாள். இப்படத்தின் வானம் கலையகத்தினுள் வரையப்பட்டது. அதிலே பெரிய கண்கள் தீட்டப்பட்டுள்ளன. பொய் என்று தெரிந்த அவ்வானத்தின் கீழ்ப் பார்வையாளர் அடையும் துயரம் மெய்யானது. அமெரிக்காவில் முதலில் வெளியிடப்பட்டபோது நீளங்கருதி இக்கதையே வெட்டப்பட்டது என்பது வேடிக்கை.

இவ்விரு போக்குகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தற்செயலானதன்று. பனியில் உறவுகளை இழந்த சமூகம் பனிப்பேயை முற்றாக வெறுக்க இயலாது; போனவரின் சாயல் அதன் முகத்தில் இருக்கக்கூடும்.

தமிழ்ச் சினிமா நெடுங்காலம் பேயை வெண்சேலையிலும் மூடுபனியிலும் பாழடைந்த மாளிகையிலும் தேடியது. 1963இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' அம்மரபின் உயர்ந்த எடுத்துக்காட்டு. உண்மைப் பனிநிலத்தைத் தன் களமாக்கிய தமிழ்ப் பேய்ப்படம் எனச் சிறப்பாகச் சுட்டத்தக்கது மிலிந்த் ராவ் இயக்கி 2017இல் வெளிவந்த 'அவள்'. இமாச்சலப் பிரதேச மலையில் வாழும் அறுவைச் சிகிச்சை வைத்தியரும் மனைவியும், பக்கத்து வீட்டிற் குடியேறிய குடும்பத்தின் மகளைப் பீடித்த ஆவியை எதிர்கொள்கின்றனர். ஆண்குழந்தை வேண்டிப் பெண்மகவைப் பலியிடத் துணிந்த, 1930களின் சீனக் குடும்பமொன்றின் வரலாறே அதன் மூலம். பெண்சிசுக் கொலையைப் பேய்க்கதையின் மையத்தில் வைத்தமை பாராட்டுக்குரியது. ஆயினும் அங்கே பனி ஓர் அழகிய திரைச்சீலை மாத்திரமே. வீதி அடைபடுவதில்லை; குளிர் எவரையும் கொல்வதில்லை. இக்கதையைக் கொடைக்கானலில் நிகழ்த்தினும் ஏதும் குறையாது. பனியைத் தமிழ்க் கமரா காணத் தொடங்கியுள்ளதெனினும் அதன் குளிரை இன்னும் உணரவில்லை.

முன்னர் எழுப்பிய கேள்விக்கு இங்கே விடை கிடைக்கின்றது. கல்முனையில் ஒருவர் பனித் திகிற்படத்தைக் கவலையின்றிச் சுவைக்க முடிவதற்குக் காரணம், பனி இங்கு எவரையும் கொண்டுபோனதில்லை என்பதே. அது கடனில்லா அச்சம். கடலைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. 1978 நவம்பர் 23 இரவில் வீசிய சூறாவளி இக்கரையோரத்தின் தென்னந்தோட்டங்களைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை வந்த கடல், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் இதுவே. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் அதனாற் பாதிக்கப்படாத குடும்பம் அரிது. கடலச்சத்துக்கு இம்மக்கள் கொண்ட மரபான விடை கதையன்று, காவல்: கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றப்படுகின்றது. கடலைக் களமாகக் கொண்ட பேய்ப்படமொன்றை இங்கு எடுப்பதாயின் அது முற்றுகைப் போக்கில் அமையமுடியாது. பனிப்பெண்ணின் போக்கிலேதான் அமையவேண்டும்.

யப்பானில் இவ்விரண்டும் ஒரே நாளிற் சந்தித்தன. 2011 மார்ச் 11 அன்று அந்நாட்டின் வடகிழக்குக் கரையைச் சுனாமி தாக்கிய பிற்பகலிற் பனியும் விழுந்தது. சில ஆண்டுகளின் பின் அப்பகுதிப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் தமது பட்டப்படிப்பு ஆய்வுக்காக இஷினோமாக்கி நகரின் டக்சிச் சாரதிகளிடம் ஒரு கேள்வியைக் கேட்டார்: சுனாமிக்குப் பின் வழமைக்கு மாறாக எதையேனும் கண்டதுண்டா? பெரும்பாலோர் மறுத்தனர், சிலர் சினந்தனர். ஒரு சிலர் மட்டும், ஏறிய பின் மறைந்துவிட்ட பயணிகளைப் பற்றிக் கூறினர். அச்சாரதிகள் அப்பயணிகளை வெறுக்கவில்லை. மீண்டும் வந்தால் ஏற்றிச்செல்வதாகச் சொன்னவர்களும் இருந்தனர். ஒரு சாரதி கண்ட பெண், வீடுகள் அனைத்தும் அடித்துச் செல்லப்பட்ட மினமிஹாமா என்னும் பகுதிக்குப் போகவேண்டும் என்றாளாம். அங்கு இப்பொழுது ஏதுமில்லையே என்று அவர் கூறவும், தான் இறந்துவிட்டேனா என்று கேட்டாளாம். அவர் திரும்பிப் பார்த்தபோது இருக்கை வெறுமையாயிருந்தது. அது கோடை தொடங்கும் காலம். அப்பெண் அணிந்திருந்ததோ குளிர்காலத்து மேலங்கி.