கடாரத்திற்கு அப்பால் தியோமான்

பகாங் என்றவுடன் தானா ராத்தாவில் வாழும் நமக்குத் தேயிலைச் சரிவுகளே கண்முன் தோன்றும். இம்மாநிலத்திற்குக் கடலும் உண்டு, அக்கடலில் தியோமான் என்னும் தீவும் உண்டு என்பதை நம் மாணவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் வரலாற்றுப் பாடமும் இதில் குறையுடையதே. 1025ஆம் ஆண்டு இராசேந்திர சோழன் மேற்கொண்ட படையெடுப்பைக் கூறிக் கடாரத்தோடு அது நின்றுவிடுகிறது. கப்பல்கள் அங்கு நின்றனவா? கி.பி. 851இல் எழுதப்பெற்ற அரபு நூல் ஒன்று சீனம் செல்லும் கடல்வழியை விளக்குகிறது. கொல்லத்தில் நன்னீர் ஏற்றிய கப்பல் நிக்கோபார்த் தீவுகளைக் கடந்து 'கலா' என்னும் துறையை அடையும். அதனைக் கடாரம் என்பார் ஆய்வாளர் பலர். அங்கிருந்து பத்து நாட்பயணத்தில் 'தியூமா' வரும். வேண்டுவோர்க்கு அங்கே நன்னீர் கிடைக்கும் என்கிறது அந்நூல். இத்தியூமாவே தியோமான்.

நன்னீரைக் குறித்தது ஏன்? நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும் குடிக்க ஒரு வாய் நீரின்றித் தவிப்பது மாலுமியின் வாழ்க்கை. தியோமானின் காஜாங் மலை 1,038 மீட்டர் உயரமுடையது. காடு போர்த்த அம்மலையில் பெய்யும் மழை ஓடைகளாகக் கடற்கரைக்கே இறங்கி வருகிறது. ஆயர் பாத்தாங் என்று அங்கு ஒரு சிற்றூர் உண்டு. 'ஆயர்' என்பது மலாய் மொழியில் நீரைக் குறிப்பதன்றோ! தீவின் தென்கோடியில் எழும் இரட்டைச் சிகரங்கள் தொலைவிலேயே வழிகாட்டின. சீனத்திலிருந்து பறந்துவந்த நாக இளவரசி இளைப்பாறித் தீவாகிவிட்டாள் என்பது மலாய் மக்களின் கதை. சீனப் பீங்கான் ஓடுகள் அங்குக் கிடைத்திருப்பதை நோக்கின், கதையின் திசை பிழையன்று எனலாம்.

வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தீவின் கீழ்க்கரை கொந்தளிக்கும். மலை காற்றைத் தடுப்பதால் மேற்குக் குடாக்களில் ஓரளவு ஒதுங்கலாம். ஆயினும் அக்குடாக்களில் பவளப்பாறை உண்டு. மரக்கலத்தின் அடிப்பலகையைப் பிளக்கவல்ல அதனை மாலுமிகள் அஞ்சினர். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தே கரையை அணுகினர்.

இன்றோ அப்பாறையைக் காணவே மக்கள் செல்கின்றனர். பகாங்கின் தீவுக்கு ஜோகூரின் மெர்சிங்கிலிருந்து படகேறுவோரே மிகுதி என்பது ஒரு வேடிக்கை. முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழலும் பொருத்திக் குப்புற மிதந்தால், மான்கொம்பு போல் கிளைத்த பவளமும், அதனைக் கொறிக்கும் கிளிமீனும் தெரியும். பவளம் கல்லன்று, செடியுமன்று. மாணவர் மயங்கும் இடம் இது. நுண்ணிய விலங்குகள் சுண்ணாம்பைச் சுரந்து தலைமுறை தலைமுறையாகக் கட்டிய வீடு அது. அவற்றின் உடலுள் வாழும் பாசியே உணவும் நிறமும் தருகிறது.

பாறைக்குக் கலம் அஞ்சிய காலம் போய்க் கலத்துக்குப் பாறை அஞ்சும் காலம் வந்தது. விழும் நங்கூரம் ஒன்று பல்லாண்டு வளர்ச்சியை ஒரு நொடியில் நொறுக்கும். தமிழகத்தின் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்தனர். அங்குள்ள 21 தீவுகளுள் இரண்டு நீருள் அமிழ்ந்தன. இங்கு 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ், 1994இல் தியோமானைச் சூழ்ந்த கடல், கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை கடற்பூங்காவாக்கப்பட்டது. பவளத்தின்மேல் நங்கூரம் இடுதல் அதனுள் குற்றம். படகுகளை மிதவைகளில் கட்டுகின்றனர்.

வெப்பத்தை மிதவையில் கட்ட இயலுமா? 2010இல் கடல்நீர் சூடேறியபோது பாசி நீங்கிப் பவளம் வெளுத்தது. தியோமானிலும் வேறு சில தீவுகளிலும் நீர்மூழ்குமிடங்கள் சிலவற்றை அரசு அக்டோபர் இறுதிவரை மூடி வைத்தது.