கொல்லாது அடக்கும் மருந்து

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் அடுக்களைகளில் மஞ்சளும் உள்ளியும் நற்சீரகமும் உணவாகவும் கைமருந்தாகவும் பயின்று வந்துள்ளன. இவற்றின் ஆற்றலுக்கு அண்மைக்கால அறிவியல் வரலாறு புதியதொரு விளக்கம் தருகின்றது.

1970இல் நீல்சன், பிளாற், ஹேஸ்ரிங்ஸ் ஆகியோர் கடலில் ஒளிரும் பற்றீரியாக்களை ஆராய்ந்தனர். தொகை குறைந்திருக்கையில் ஒளிராத அவை, பெருகியதும் ஒருங்கே ஒளிர்ந்தன. தாம் சுரக்கும் வேதிப்பொருளின் செறிவைக் கொண்டே அவை தம் தொகையை உணர்கின்றன. நோய்க்கிருமிகள் பலவும் இவ்வாறே தம்முட் பேசி ஒருங்கே தாக்குகின்றன என்பது பின்னர்ப் புலனாயிற்று.

உள்ளியை நசுக்குகையில் உண்டாகும் அஜோயீன் இப்பேச்சைத் தடுப்பதை 2012இல் டென்மார்க் ஆய்வாளர் காட்டினர். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தார் அத்தன்மையை அவ்வாண்டில் நற்சீரகத்திலும், 2014இல் மஞ்சளின் குர்க்குமினிலும் கண்டனர். கொல்லாத அளவிலேயே இவை கிருமிகளை அடக்குவதால், மருந்தை எதிர்க்கும் கிருமிகள் பெருகுவது குறையலாம் என்பது எதிர்பார்ப்பு.

ஆயினும், ஆய்வுக்கூடத்துக் குப்பியிற் கண்டது நோயாளியின் உடலிலும் மெய்ப்படுதல் வேண்டும். உண்ணும் குர்க்குமினில் குருதியிற் சேர்வது மிகச் சொற்பமே. முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுவதும், கைவைத்தியம் என இகழ்வதும் ஆராய்ச்சி ஆகா. அவர்கள் பயனைக் கண்டனர். காரணத்தைத் தேடித் தெளிதல், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைப் பெற்றுள்ள இக்கரையோரத்துக் கற்றோரின் கடனாகும்.